கறுப்புத் தக்காளி: நோயா, ரகத்தின் குணமா?

முதன்முதலாகச் செரோக்கி பர்ப்பிள் என்னும் கருநிறத் தக்காளிப் பழத்தைப் பறித்து வந்து சமையலறை மேடையில் வைத்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைக் கையில் எடுத்து, அடியில் அமுக்கி, காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, சுட்ட கத்திரிக்காய் மாதிரி இருக்கு, அழுகினதைப் போய்ப் பறிச்சுட்டு வந்திருக்கியே" என்றார். பழம் அழுகவில்லை; பதமாகவே பழுத்திருந்தது. எனினும் அவருடைய ஐயத்தில் பிழை காண முடியாது. சிவப்புத் தக்காளியிலேயே பழகிய கண்ணுக்குக் கருநிற ரகங்களின் இயல்பான தோற்றங்களுள் பாதி நோயாகத் தெரியும். மெய்யான நோய்களுள் ஒன்றிரண்டு அந்தக் கருமைக்குள் ஒளிந்துகொண்டு கண்ணுக்குத் தப்பும். ஆகவே மருந்து தெளிப்பானைக் கையில் எடுக்குமுன், செடி எந்த ரகம், அந்த ரகத்துக்கு இது வழக்கந்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே வரும் அறிகுறிகள் ஒவ்வொன்றையும் அந்தக் கேள்வியோடுதான் அணுகியிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரை ஒட்டிய கேரியில் இருக்கிறது. மண் களிமண் கலந்த செம்மண்; ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 32 டிகிரி செல்சியஸைத் தொடும், இரவு சராசரியாக 21 டிகிரி அளவில் நிற்கும். செரோக்கி பர்ப்பிள், செரோக்கி சாக்லேட், பிளாக் கிரிம், பால் ரோப்சன், ஜாப்பனீஸ் பிளாக் ட்ரைஃபெலி, பிளாக் செர்ரி ஆகிய ஆறும் எங்கள் பாத்தியில் பல பருவங்கள் வளர்ந்தவை. கடைசியாகச் சொன்ன செர்ரி ரகம் அண்மைக் காலத்தில் உருவானது. அதைப் பாரம்பரிய ரகம் என்று சொல்வது முறையாகாது. விதையெடுத்தால் அப்படியே திரும்ப வருவதாலும், நிறத்தால் மற்றவற்றோடு சேர்வதாலும் இங்கே இடம்பெறுகிறது.

அறிகுறி: அடிப்பக்கம் பழுத்துவிட்டது, மேற்பக்கம் பச்சையாகவே நிற்கிறது

இதைவிட மிகுதியாகக் கேட்கப்படும் ஐயம் வேறில்லை. காம்பைச் சுற்றியுள்ள மேற்பகுதியைத் தோள் என்று வைத்துக்கொள்வோம். பிளாக் கிரிமிலும் செரோக்கி பர்ப்பிளிலும் அந்தத் தோள் கடைசி வரை பச்சையாகவே இருக்கும். அது சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அடிப்பகுதி குழைந்து, தொட்டால் விரல் இறங்கும் நிலைக்குப் போய்விடும். முதல் ஆண்டில் ஏறத்தாழ பத்துப் பழங்களை இவ்வாறு இழந்தேன்.

காரணம் இரண்டு. முதலாவது, தோளில் பச்சையத்தைக் கூடுதலாகச் சேர்க்கும் இயல்பு பழைய ரகங்களில் அப்படியே இருக்கிறது. பழம் முழுதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காக வணிக ரகங்களில் இந்த இயல்பை இருபதாம் நூற்றாண்டில் நீக்கிவிட்டார்கள். அப்படி நீக்கியதில் பழத்தின் சர்க்கரையும் குறைந்தது என்பதை, டேவிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரை உள்ளடக்கிய குழு ஒன்று 2012-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தோளில் நாம் பார்த்து முகம் சுளிக்கும் பச்சை, இனிப்புக்கு உதவிய பச்சை. இரண்டாவது காரணம் கருநிற ரகங்களுக்கே உரியது. சாதாரணத் தக்காளி பழுக்கும்போது பச்சையம் முழுவதும் சிதைந்து, லைக்கோபீன் என்னும் சிவப்பு நிறமி மட்டும் மிஞ்சும். இவற்றில் பச்சையத்தைச் சிதைக்கும் வேலையைத் தூண்டும் மரபணு பழுதாகியிருப்பதால் பச்சை போகாமல் தங்கிவிடுகிறது. அதன்மேல் சிவப்பும் ஏற, இரண்டும் கலந்து பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரிகிறது. தக்காளியில் இந்தப் பழுது எங்கே உள்ளது என்பது 2008-ல் உறுதியாயிற்று. சாக்லேட் நிறக் குடைமிளகாய்க்கும் காரணம் இதே மரபணுவின் பழுதுதான்.

பழத்தை அறுத்தால், விதையைச் சூழ்ந்த கொழகொழப்பான பகுதி பச்சையாக இருப்பதும் இதனால்தான். அதைக் கண்டு காய் என்று ஒதுக்க வேண்டாம்.

அப்படியானால் பதத்தை எவ்வாறு அறிவது? கண்ணை விட்டுவிட்டுக் கையை நம்ப வேண்டும். பழத்தைப் பறிக்காமலேயே இலேசாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பச்சை மறைந்து செங்கல் நிறமோ, நாவற்பழத்தின் மங்கிய ஊதாவோ பரவியிருக்க வேண்டும். பின்னர் தோளுக்குச் சற்றுக் கீழே, பழத்தின் இடுப்பில், கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். உள்ளங்கையில் பெருவிரலின் அடிமேட்டை அழுத்தினால் எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவு கொடுத்தால் போதும். காம்பில் ஒரு முட்டு இருக்கும். பதமான பழம் அந்த இடத்தில் மடக்கிய உடனே கழன்று வரும், பதமாகாதது கிளையையும் சேர்த்து இழுக்கும். ஐயம் தீராவிட்டால், அடியில் நிறம் ஏறத் தொடங்கியதுமே பறித்துக் கூடத்தில் வெயில் படாத தட்டில் வைத்துவிடலாம். நாலைந்து நாளில் சுவை குறையாமல் பழுக்கும். குளிர்பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது, 12 டிகிரிக்குக் கீழே மணம் போய்விடும்.

இந்த வகையில் ரகங்களை ஒப்பிட்டால், புதிதாகத் தொடங்குவோருக்குப் பால் ரோப்சனும் பிளாக் செர்ரியும் எளியவை, ஏனெனில் எங்கள் பாத்தியில் அவற்றின் தோள் ஓரளவு சீராகவே நிறம் மாறியது. பிளாக் கிரிம்தான் மிகவும் ஏமாற்றுவது. பச்சைத் தோளோடு அது பதமாக இருப்பது இரண்டு நாள்தான்; மூன்றாம் நாள் தொக்குக்குத்தான் ஆகும்.

அறிகுறி: எதிர்பார்த்த நிறம் வரவில்லை

இதில் மூன்று வேறு குறைகள் ஒரே முறையீடாக வருகின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

கத்தரிக்காய் போலக் கறுத்துப் பளபளக்கும் பழத்தைப் படத்தில் பார்த்து விதை வாங்கியவருக்கு, வந்தது மங்கிய பழுப்பு என்றால் விதையில் குறையில்லை. எதிர்பார்ப்புதான் வேறு இனத்தைச் சேர்ந்தது. அவர் மனத்தில் இருப்பது இண்டிகோ ரோஸ் போன்ற ரகம். அது ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் காட்டுத் தக்காளி இனங்களோடு கலந்து உருவாக்கி 2012-ஐ ஒட்டிப் பரவலானது. அதன் கருமை ஆந்தோசயனின் என்னும் நிறமி. அது தோலில் மட்டும், அதுவும் வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் உண்டாகும். இலை மறைத்த இடம் பச்சையாகவே இருந்து பின் சிவக்கும். அறுத்தால் உள்ளே சாதாரணச் சிவப்பு. பாரம்பரியக் கருநிற ரகங்களில் நேர்மாறாக, தோல் சாதாரணம், சதைதான் கருமை. இரண்டையும் ஒரே பெயரால் விற்பது குழப்பத்தின் தொடக்கம். என் நாக்குக்கு இண்டிகோ ரோஸ் அழகுக்கு வளர்க்க வேண்டிய செடி. சாப்பாட்டுத் தட்டில் அதற்கு இடமில்லை.

இரண்டாவது, ஊதா என்று வாங்கியது பழுப்பாக வந்தது என்னும் குறை. இங்கே தோலைப் பார்க்க வேண்டும். பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலை உரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தோல் நிறமற்றதாக, கண்ணாடித்தாள் போல இருந்தால் உள்ளிருக்கும் சதை ஊதா சாயலோடு தெரியும். தோல் மஞ்சளாக இருந்தால் அதே சதை பழுப்பாகத் தெரியும். செரோக்கி பர்ப்பிளும் செரோக்கி சாக்லேட்டும் இந்த ஒரே வேறுபாட்டால் பிரிந்தவை. முன்னதின் விதை 1990-ல் டென்னசி மாநிலத்திலிருந்து கிரெய்க் லெஹூலியர் என்னும் தக்காளி வளர்ப்பாளருக்குக் கடிதத்தோடு வந்தது. செரோக்கிப் பழங்குடியினரிடமிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன் கிடைத்ததாகக் கடிதம் கூறியதால் அவர் அப்பெயரை இட்டார். 1995-ல் அவருடைய தோட்டத்திலேயே ஒரு செடி பழுப்பு நிறத்தில் காய்த்தது. அதுவே செரோக்கி சாக்லேட். வடிவம், பருமன், சுவை எல்லாவற்றிலும் இவ்விரண்டும் உடன்பிறப்புகள். கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றால் எனக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே ஊதாப் பாக்கெட்டில் பழுப்பு வந்தால் உண்டு மகிழலாம்.

மூன்றாவதுதான் தோட்டத்தின் குறை: பழம் ஆரஞ்சு கலந்த சேற்று நிறத்தில் வெளிறி நிற்பது. லைக்கோபீன் 21 முதல் 24 டிகிரி வரையில் நன்றாக உருவாகும்; 30 டிகிரியைத் தாண்டினால் அதன் உற்பத்தி ஏறத்தாழ நின்றுவிடும். சிவப்பு குறைந்தால் கருநிறத்தில் ஒரு பாதியே இல்லாமல் போகிறது. ஆகஸ்டு வெயிலில் நேரடியாகக் காய்ந்த பழங்களிலும், இலையைக் கழித்துக் கழித்து நிழலற்றுப்போன செடிகளிலும் இது தெரியும். பிற்பகலில் மட்டும் 30 விழுக்காட்டு நிழல்வலை போட்டாலோ, நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்தாலோ நிறம் மீளும். எங்கள் பாத்தியில் வெப்பத்தில் நிறம் குறையாமல் நின்றது பிளாக் கிரிம்; முதலில் வெளிறியது பால் ரோப்சன்.

அறிகுறி: பூக்கிறது, ஆனால் காய் பிடிக்காமல் உதிர்கிறது

பூவின் காம்பு முட்டில் மஞ்சளாகி, தொட்டவுடன் விழுந்தால், பூச்சியைத் தேடுமுன் கடந்த பத்து நாள் வெப்பநிலையைப் பாருங்கள். மகரந்தம் கெடுவது பூ விரிந்த நாளில் அன்று. விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னரே, மொட்டுக்குள் அது உருவாகும் கட்டத்தில் கெடுகிறது. பகல் 32 டிகிரிக்கு மேலும், இரவு 21 முதல் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் தொடர்ந்தால் இந்நிலை. அதனால்தான் ஒரு மழைக்குப்பின் நாலு நாள் குளிர்ந்தும் காய் பிடிக்கவில்லையே என்று பலர் திகைக்கிறார்கள். அந்தக் குளிர்ச்சியின் பலன் அடுத்த வாரத்துப் பூக்களில்தான் தெரியும்.

கருநிற ரகங்களில் பெரும்பாலானவை பெரிய பழம் தருபவை, அவை வெப்பத்தை எளிதில் தாங்குவதில்லை. நாற்று நட்டதிலிருந்து செரோக்கி பர்ப்பிள் முதற்பழத்துக்கு ஏறத்தாழ 80 நாள் எடுக்கும். பழம் கால் கிலோவைத் தாண்டும். எங்கள் ஊரில் பனி முடிவது ஏப்ரல் நடுப்பகுதி. எனவே ஜூன் இறுதிக்குள் பிடித்த காய்களே அந்த ஆண்டின் அறுவடை என்று கணக்கிட்டு, பிப்ரவரி கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, ஏப்ரல் 20-ஐ ஒட்டி நடுகிறேன். ஒரு முறை சோம்பலால் மே மாதக் கடைசியில் நட்டேன்; ஆளுயரச் செடி, கொத்துக் கொத்தாகப் பூ, ஆகஸ்டு வரை ஒரு காய் இல்லை. செடியைப் பிடுங்காமல் விட்டுவைத்ததில் செப்டம்பரில் மறுபடி காய்த்தது. இதைப் பார்த்த பிறகு, மே இறுதியில் தனியாக விதைத்து ஜூலையில் நடும் இரண்டாம் போகத்தையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வெப்பம் எல்லைக்குள் இருந்தும் காய் பிடிக்காவிட்டால், காற்றின் ஈரம் காரணமாக இருக்கலாம். ஈரம் மிகுந்தால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது. காலை பத்து மணியளவில், பனி உலர்ந்தபின், பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுவது போதுமானது. சிலர் மின் பல்துலக்கியின் பின்பக்கத்தைக் காம்பில் வைத்து அதிர விடுகிறார்கள், அதுவும் பலிக்கும். மூன்றாவதாக, இலை கரும்பச்சையாக, தண்டு கட்டைவிரல் பருமனாக, நுனி சுருண்டு செழித்திருக்கும் செடியில் பூ உதிர்ந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். உரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு மருந்தில்லை.

வெப்பத்தைத் தாங்கிக் காய்ப்பதில் பிளாக் செர்ரிக்கு இணையில்லை. மற்றவை பூவை உதிர்த்துக்கொண்டு நிற்கும்போது அது மட்டும் கொடியில் கோத்த மணிபோலக் காய்த்துக்கொண்டிருக்கும். பெரிய பழங்களுள் பிளாக் கிரிமைச் சொல்லலாம். இந்த ரகம் கிரிமியாவிலிருந்து ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் வழியாக 1990-ல் அமெரிக்க விதைச் சேமிப்பாளர்களிடம் வந்தது. கருநிற ரகங்கள் வெயில் நாட்டுப் பயிர் என்று எண்ணுவோர், பால் ரோப்சனும் ட்ரைஃபெலியும் ரஷ்யா பக்கத்திலிருந்து வந்தவை என்பதை நினைவில் கொள்ளட்டும். ட்ரைஃபெலியின் பெயரில் உள்ள ஜப்பானுக்கும் அதன் பிறப்புக்கும் தொடர்பு காண இயலாது. சென்னையில் மாடித் தோட்டத்தில் வளர்க்க விரும்பும் உறவினர்கள் கேட்கும்போது, ஆவணியில் விதைத்து மார்கழி, தை மாதங்களில் காய் பிடிக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள், பிளாக் செர்ரியோடு தொடங்குங்கள் என்றே சொல்கிறேன். சித்திரையில் செரோக்கி பர்ப்பிள் காய்க்கும் என்று எவருக்கும் உறுதி சொல்ல மாட்டேன்.

அறிகுறி: பழம் வெடிக்கிறது

வெடிப்பு இரு வகை. காம்பிலிருந்து கீழ்நோக்கி ஆரம் போல ஓடுவது ஒன்று. காம்பைச் சுற்றி வளையம் வளையமாக வருவது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படை, காய்ந்து கிடந்த வேருக்குத் திடீரென நீர் கிடைத்துச் சதை பெருக்க, தோல் ஈடுகொடுக்க முடியாமல் போவதே. ஜூலை பிற்பகல்களில் இடியோடு வரும் மழைக்கு எங்கள் செரோக்கி பர்ப்பிள் தவறாமல் வெடிக்கும். வளைய வெடிப்பு பெரும்பாலும் ஆறி, தழும்பு போல மூடிக்கொள்ளும். அந்தப் பழத்தைத் தாராளமாக உண்ணலாம். ஆர வெடிப்பு ஆழமானால் பழ ஈக்கள் மொய்க்குமுன் பறித்துவிட வேண்டும்.

வாரத்துக்கு 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை நீர், அதை இரண்டு மூன்று தவணையாக. பாத்தியின் மேல் நாலு விரல் தடிமனுக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்கு. மழை வருமென்று தெரிந்தால் நிறம் மாறத் தொடங்கியவற்றை முன்கூட்டியே பறித்தல். இவ்வளவுதான் தீர்வு. இயல்பிலேயே வெடிக்காத ரகம் வேண்டுமென்றால் ட்ரைஃபெலி. பேரிக்காய் வடிவம், தடித்த சதை, எங்கள் தோட்டத்தில் மழையை அலட்சியமாகத் தாண்டியது. ஆனால் அந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு, அது அடுத்த அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: பழத்தின் அடியில் தோல் போன்ற கறுப்பு வட்டம்

காம்புக்கு எதிர்ப்புறத்தில், பூ உதிர்ந்த இடத்தில், முதலில் நீர்கோத்தாற்போல் தோன்றிப் பிறகு கறுத்துத் தட்டையாகிக் காலணித் தோல்போல் உலர்ந்தால் அது பூநுனி அழுகல். கிருமியால் வருவதன்று, காய் பருக்கும் நாட்களில் அதன் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. நீள வடிவப் பழங்களில் இது மிகுதி, ஆகவே ட்ரைஃபெலியின் முதற் கொத்தில் ஆண்டுதோறும் எதிர்பார்க்கலாம். கருநிறப் பழத்தில் தொடக்கக் கட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இங்குள்ள சிக்கல். காய் நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே அடியை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சொரசொரப்போ பள்ளமோ தட்டுப்பட்டால் அந்தக் காயைக் கிள்ளிவிடலாம்.

மண்ணில் சுண்ணாம்பு இல்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். சத்து இருந்தும் நீர் ஒழுங்காகப் பாயாததால் மேலே ஏறாமல் இருப்பதே வழக்கம். முட்டை ஓட்டை நசுக்கிப் போடுவது இந்தப் பருவத்துக்கு உதவாது, அது கரைய ஆண்டுகள் ஆகும். இலைமேல் தெளிக்கும் சுண்ணாம்புக் கரைசலும் பெரிதாகப் பயன்படாது, இலையிலிருந்து காய்க்கு அந்தச் சத்து இறங்குவதில்லை. நீரை ஒழுங்குபடுத்துங்கள், யூரியா வகை உரங்களைக் குறையுங்கள், தொட்டியில் வளர்ப்போர் 20 லிட்டருக்குக் குறைந்த தொட்டியைத் தவிருங்கள். மண்ணின் புளிப்புத் தன்மையை மட்டும் ஒரு முறை பரிசோதிப்பது நல்லது, 6-க்கும் 6.5-க்கும் இடைப்பட்ட அளவு தக்காளிக்கு உகந்தது. வட கரோலினாவாசிகளுக்கு மாநில வேளாண்மைத் துறையின் ஆய்வகம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறது. எங்கள் செம்மண் புளிப்பு மிகுந்தது என்பதை அந்தத் தாள்தான் சொன்னது. இலையுதிர் காலத்திலேயே சுண்ணாம்புத் தூள் இட்டுக் கிளறியபின் இந்த அழுகல் முதற் கொத்தோடு நின்றது.

அறிகுறி: பழம் கோணலாக, அடியில் தழும்போடு மடிந்து வருகிறது

பெரிய பழ ரகங்களின் முதற் பூக்கள் இரண்டு மூன்று ஒட்டிப் பிறந்து, மொட்டுப் பருவத்தில் குளிரும் பட்டால் இப்படி ஆகும். செரோக்கி பர்ப்பிளில் சாதாரணம். சூலகம் தட்டையாக, அகன்று, பல இதழ்களோடு தெரியும் முதற் பூவைக் கிள்ளிவிடுங்கள். வந்துவிட்ட பழத்தில் தழும்பை வெட்டிவிட்டு உண்ணலாம்.

அறிகுறி: செடி வாடுகிறது, அல்லது கீழிலை கருகுகிறது

பாரம்பரிய ரகங்களை வளர்ப்போர் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. வணிகக் கலப்பினங்களில் வாடல் நோய்களுக்கும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் எதிர்ப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன கருநிற ரகங்களில் அந்தக் கவசம் இல்லை. ஆகவே இங்கே ரகம் மாற்றித் தப்ப முடியாது, நோயைச் சரியாகப் பெயரிட வேண்டும்.

நேற்று வரை பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலேயே நண்பகலில் தலை சாய்ந்து, மறுநாள் காலையிலும் நிமிரவில்லை என்றால், தரையை ஒட்டித் தண்டை ஒரு சாண் அளவுக்கு வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் நனையுமாறு அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து கஞ்சித் தண்ணீர் இழை ஒன்று கீழ்நோக்கி இறங்கினால் பாக்டீரியா வாடல். ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பது போலிருக்கும். ஒரு முறை கண்டால் மறக்காது. இந்நோய்க்கு எங்கள் பகுதியில் நெடிய வரலாறு உண்டு. ராலேக்கு வடக்கேயுள்ள கிரான்வில் வட்டத்தின் புகையிலைத் தோட்டங்களை இது அழித்ததால், அமெரிக்கப் புகையிலை உழவர் இன்றும் இதைக் கிரான்வில் வாடல் என்றே அழைக்கின்றனர். மருந்தில்லை. செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் சேர்த்துவிட்டு, உரக்குழியில் போடாமல், அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் வைக்காதிருக்க வேண்டும்.

குவளையில் இழை இறங்காமல், தண்டின் அடியில் வெண்ணூல் பரவி, அதில் கடுகு போன்ற பழுப்பு மணிகள் ஒட்டியிருந்தால் அது தண்டழுகல் பூசணம். மேல்மண்ணை அகற்றி, நடும்போதே தண்டின் அடியில் அலுமினியத் தாளை நாலு விரல் உயரத்துக்குச் சுற்றுவது அடுத்த செடியைக் காக்கும். இழையும் இல்லை, கடுகும் இல்லை, இலைகள் ஒரு பக்கமாக மட்டும் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே தேநீர்க் கறை நிறம் தெரிந்தால் ஃபியூசேரியம் வாடல்.

மண்ணில் நோய் நிலைத்துவிட்டவர்களுக்கு ஒட்டுக்கட்டுவதே வழி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாரம்பரியத் தக்காளியை எதிர்ப்புள்ள தக்காளி வேர்ச்செடியில் ஒட்டி இந்நோய்களைக் கட்டுப்படுத்தியதை 2008-ல் வெளியிட்டனர். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டும் முறையை நெடுநாளாகப் பரிந்துரைக்கிறது. நான் ஒட்டிய பன்னிரண்டில் ஏழு பிழைத்தன. கை பழகினால் கூடும்.

கீழிலையில் வளையம் வளையமான புள்ளி முன்பருவ இலைக்கருகல். சிறு சிறு சாம்பல் புள்ளி செப்டோரியா. இரண்டுக்கும் கீழேயுள்ள ஓரடி இலையைக் கழித்து, மூடாக்கிட்டு, நீரை வேரில் மட்டும் ஊற்றுவதே முதல் வேலை. கருநிற ரகங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: பச்சையம் சிதையாத பழுது இலையிலும் இருப்பதால், முதிர்ந்த இலை மற்றச் செடிகளைப் போல விரைவில் வெளுப்பதில்லை. இலை மஞ்சளாகும் வரை காத்திருக்காமல், வாரம் ஒரு முறை கீழிலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ரசமும் தொக்கும் நிறம் கெட்டு வருகின்றன

அடுப்பில் ஏற்றியதும் ஊதாப் பழம் சேற்றுப் பழுப்பாவது இயற்கை. பச்சையம் புளிப்போடு கொதிக்கும்போது ஆலிவ் பழுப்பாக மாறும். கீரையை மூடிபோட்டு வேகவைத்தால் நேர்வதும் இதுவே. சுவையில் குறை வராது. ஆனால் இப்பழங்களில் புளிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும் என்பதால், ரசத்துக்குப் புளியைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். என் கருத்தில் செரோக்கி பர்ப்பிளை அடுப்பில் ஏற்றுவதே வீண். தடித்த வில்லையாக அறுத்து, கல்லுப்பும் மிளகும் தூவிப் பச்சையாக உண்ண வேண்டும். தொக்குக்கு வேண்டுமானால் சதைப்பற்றுள்ள ட்ரைஃபெலி, நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய்.

அறிகுறி: சேமித்த விதையில் வேறு பழம் வந்தது

செரோக்கி பர்ப்பிளில் எடுத்த விதை சிவப்பாகக் காய்த்தால் மண்ணையோ உரத்தையோ குறைசொல்ல வேண்டாம். கருநிறம் தரும் பழுது ஒடுங்கிய பண்பு. அருகிலிருந்த சிவப்புத் தக்காளியின் மகரந்தம் கலந்திருந்தால் முதல் தலைமுறையில் அது மறைந்து சிவப்பு மேலோங்கும். தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதுதான் வழக்கம் என்றாலும், பழைய ரகங்கள் சிலவற்றில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி, மகரந்தப்பைகளின் கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தேனீ கலந்துவிடுகிறது.

ட்ரைஃபெலியில் இதை நாற்றிலேயே கண்டுபிடிக்கலாம். அதன் இலை விளிம்பு வெட்டின்றி உருளைக்கிழங்கு இலை போலிருக்கும். முதன்முறை பார்ப்போர் தவறான செடி என்று எண்ணிப் பிடுங்கிவிடுவதுண்டு. அதுதான் சரியான செடி. இந்த இலையும் ஒடுங்கிய பண்பு என்பதால், சேமித்த விதையில் முளைத்தவற்றுள் வெட்டுள்ள சாதாரண இலை எதில் தோன்றுகிறதோ அது கலப்பு. மூன்று நான்கு இலைப் பருவத்திலேயே அதைக் கழித்துவிடலாம்.

கலப்பைத் தடுக்க, மொட்டு விரியுமுன் கொத்தை வலைத்துணிப் பையால் மூடிக் கட்ட வேண்டும். திருமணங்களில் தாம்பூலம் போட்டுத் தரும் சுருக்குப் பைகள் எங்கள் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தன. அளவு கச்சிதம், சுருக்குக் கயிறும் கூடவே இருக்கிறது. நாள்தோறும் பையோடு கொத்தைச் சுண்டிவிட்டு, காய் மிளகளவு ஆனதும் பையைக் கழற்றி, காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவைக்கிறேன். பழுத்தபின் விதையைச் சாறோடு குவளையில் எடுத்து இரண்டு மூன்று நாள் நுரைக்க விட்டு, அலசி, அடியில் தங்கியதை மட்டும் பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். உறையின்மேல் ரகத்தின் பெயர், ஆண்டு, பை கட்டிய கொத்தா கட்டாததா என்னும் மூன்றையும் எழுதிவிடுங்கள். எங்கள் அலமாரியில் 'கறுப்பு, நல்லது' என்று மட்டும் எழுதிய உறை ஒன்று இன்னும் கிடக்கிறது. அதில் இருப்பது ஆறு ரகங்களுள் எது என்பதை அடுத்த ஏப்ரலில் நட்டுத்தான் பார்க்க வேண்டும்.